வறண்ட கிணற்றுக்கு நீலம் அடித்தவன்

உங்கள் பிரிவின் தலைவர் ஷாஹீன் போன வாரம் கூப்பிட்டார். "புதுசா அஞ்சு பேர் சேர்ந்திருக்காங்க சார். ஒரு ஆராய்ச்சி நிறுவனத்துல மென்பொருளுக்குன்னு மத்தியப் பிரிவு உருவாக்குறது எப்படின்னு ஒரு மணி நேரம் பேசுங்க" என்றார். பேச்சு வேண்டாம், எழுதித் தருகிறேன் என்றேன். என்னிடம் ஒலிவாங்கி கொடுத்தால் இரண்டாவது நிமிடத்தில் என் சுயசரிதை தொடங்கிவிடும். விருப்ப ஓய்வு பெற்ற ஐம்பத்தைந்து வயதுக்காரனை நம்பக் கூடாது. அவனுக்கு நேரமும் இருக்கிறது, கசப்பும் இருக்கிறது.

தலைப்பிலும் ஒரு சிக்கல். பிரிவை உருவாக்குவது எப்படி என்று எனக்குத் தெரியாது. மூடும் நிலைக்குக் கொண்டுபோவது எப்படி என்று நன்றாகத் தெரியும். அதற்கு ஒரே ஒரு வரி நிரல் போதும். அந்த வரியை எழுதியவன் நான்.

நீங்கள் வருவதற்கு முன்பு இங்கே நிலைமை இப்படி இருந்தது. ஒவ்வொரு ஆய்வகத்திலும் யாரோ ஒரு மாணவர் தன் தேவைக்கு ஒரு நிரல் எழுதுவார். பட்டம் வாங்கிக்கொண்டு போய்விடுவார். அடுத்து வருகிறவர் அதைப் பயபக்தியோடு ஓட்டுவார், திறந்து பார்க்க மாட்டார். திறந்தால் நின்றுவிடுமோ என்ற பயம். இதற்கு ஒரு முடிவு கட்ட வேண்டும் என்று இயக்குநர் நினைத்தார். எல்லா ஆய்வகங்களுக்கும் பொதுவாக ஒரு பொறியாளர் குழு. நிரலை எழுதித் தரும், சரிபார்க்கும், காப்பாற்றி வைக்கும். பழைய ரசாயனக் கிடங்கைச் சுண்ணாம்பு அடித்து அறையாக்கினார்கள். தலைவனாக நான், ஷாஹீன், இன்னும் இரண்டு பேர். எல்லோருக்கும் ஓராண்டு ஒப்பந்தம். ஆண்டு முடிவில் ஒரு குழு கூடி, இந்தப் பிரிவு வேண்டுமா வேண்டாமா என்று முடிவு செய்யும்.

முதல் இரண்டு மாதம் ஒருவரும் வரவில்லை. தன் நிரலைக் காட்டுவது என்பது சமையலறையைத் திறந்து காட்டுவது போல. வெளியே பரிமாறுவதற்கும் உள்ளே கிடப்பதற்கும் சம்பந்தம் இருக்காது. பேராசிரியர்கள் தாழ்வாரத்தில் எங்களைப் பார்த்துப் புன்னகைத்துவிட்டு, தங்கள் அறைக் கதவைச் சற்று அழுத்தியே சாத்தினார்கள்.

முதலில் வந்தவர் ஜோதி. நிலத்தடி நீர் ஆய்வகத்தில் முனைவர் பட்ட மாணவி. வீடு ஸ்ரீராம்புரத்தில் ஒரு சந்து. அப்பா மாநகராட்சியில் துப்புரவுப் பணி. அந்தச் சந்திலிருந்து இந்த வளாகத்துக்குள் வந்த முதல் ஆள் தானே என்று ஒருமுறை சொன்னார். பெருமையாகச் சொல்லவில்லை, பேருந்து எண்ணைச் சொல்வது போலச் சொன்னார். ஆனேக்கல் வட்டாரத்தில் நாற்பது திறந்த கிணறுகளின் நீர்மட்டப் பதிவேடுகள் அவரிடம் இருந்தன. பல ஆண்டுக் காகிதம். ஏரிகளை ஒட்டி மழைநீர் இறங்க உறைகுழிகள் வெட்டியிருந்தார்கள். அதனால் கிணறுகளில் நீர் ஏறியதா என்பதுதான் ஆய்வு. பதிவேடுகளைத் தட்டச்சு செய்தாயிற்று. அவற்றைப் படித்து வரைபடமாக்க ஒரு நிரல் வேண்டும்.

ஷாஹீனிடம் கொடுத்திருக்க வேண்டிய வேலை. நான்தான், தலைவனுக்கும் கை இன்னும் ஓடுகிறது என்று காட்டுவதற்காக, எடுத்து வைத்துக்கொண்டேன்.

இயக்குநருக்குச் செய்முறை காட்ட வேண்டிய நாள் வந்தது. அன்று காலை என் நிரல் நடுவழியில் நின்றது. எண் இருக்க வேண்டிய இடத்தில் சில இடங்களில் ஒரு சின்னக் கிடைக்கோடு இருந்தது. தட்டச்சுக்காரர்கள் பதிவேட்டில் இருந்ததை அப்படியே அடித்திருந்தார்கள். இயக்குநர் மாடிப்படி ஏறிக்கொண்டிருந்தார். நான் ஒரு வரி சேர்த்தேன்: எண் இல்லாவிட்டால் பூஜ்யம் என்று வைத்துக்கொள். பக்கத்தில் குறிப்பும் எழுதினேன், அப்புறம் பார்க்க வேண்டும் என்று. நிரல் ஓடியது. இயக்குநர் கை கொடுத்தார். அந்த 'அப்புறம்' வரவே இல்லை.

மார்ச் மாதம் ஜோதி ஒரு சந்தேகத்தோடு வந்தார். "சார், ஏரிப் பக்கத்துக் கிணறுங்கள்ல கோடைல கூட தண்ணி மேல ஏறுதே. சரியா இருக்குமா?"

நான் நாற்காலியில் சாய்ந்துகொண்டு சொன்ன பதில் இது: "உன் குழிங்க வேலை செய்யுதுன்னு அர்த்தம்மா. டேட்டாவ நம்பு. புரோகிராம் நம்ம டீமோடது."

அவர் நம்பினார். ஆய்வேட்டின் மூன்றாவது அத்தியாயம் முழுக்க அதன் மேல் எழுந்தது.

ஜூனில் வைவா, பட்டத்துக்கான வாய்மொழித் தேர்வு. மதியம் மூன்று மணி. வெளியூர்த் தேர்வாளர் ஒருவர் வந்திறங்கியிருந்தார். ஜோதிக்கு ஜெர்மனியில் ஒரு வேலை உறுதியாகியிருந்தது, ஆகஸ்டில் சேர வேண்டும். அடுத்த திங்கட்கிழமை எங்கள் பிரிவின் தலையெழுத்தைத் தீர்மானிக்கும் குழு கூடுகிறது. அதில் ஜோதியின் வழிகாட்டிப் பேராசிரியரும் ஒருவர். அந்த மூன்றாவது அத்தியாயத்தின் நடுவே இருக்கும் வரைபடத்தை நாங்கள் பெரிதாக அச்சடித்து எங்கள் அறைச் சுவரில் ஒட்டியிருந்தோம். ஏரிகளைச் சுற்றி நீலம் நீலமாக, பார்க்கவே குளிர்ச்சி.

அன்று காலை பதினொன்றுக்கு முனிராஜு வந்தார். அந்தக் கிணறுகளுக்குப் போய்க் கயிறு இறக்கி அளந்து பதிவேட்டில் எழுதுகிறவர் அவர்தான். வீட்டில் தெலுங்கு, பதிவேட்டில் கன்னடம், எங்களிடம் தமிழ். மூன்றிலும் ஒரே வேகம். ஜோதி அவரை வைவாவுக்கு அழைத்திருந்தார். ஆனேக்கல் பேருந்து சீக்கிரம் கொண்டுவந்து விட்டுவிட்டதால் எங்கள் அறையில் உட்கார்ந்தார். சும்மா இருக்க முடியாமல் வரைபடத்தின் முன் போய் நின்றார்.

"சார், இது நம்ம எட்டாம் நம்பர் கிணறு தானே?"

"ஆமாங்க. எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"ஏரிக்கட்டை வளைவு தெரியுதில்ல. ஆனா எதுக்கு சார் நீலம் அடிச்சிருக்கீங்க?"

"தண்ணி மேல வந்திருக்குன்னு அர்த்தம்."

முனிராஜு சிரித்தார். நான் கிண்டல் செய்கிறேன் என்று நினைத்திருக்க வேண்டும். "தண்ணியா? அதுல கல்லப் போட்டா டங்குனு சத்தம் வரும் சார். மூணு வருசமா காஞ்சு கெடக்கு. ஒன்பது, பன்னெண்டு, இதோ இது, எல்லாம் அப்படித்தான். ஏரிப் பக்கம்தான் வீட்டுமனை லேஅவுட் ஜாஸ்தி. போர் போட்டு உறிஞ்சிட்டானுங்க."

நான் எழுந்து வரைபடத்தருகே போனேன். "காஞ்சிருந்தா பதிவேட்டுல என்ன எழுதுவீங்க?"

"என்ன எழுதறது? கயிறு பூரா எறக்கியும் நனையலன்னா ஒரு கோடு இழுத்துருவேன். எங்க மேஸ்திரி காலத்துலேருந்து அப்படித்தான். ஏன் சார், கம்ப்யூட்டருக்குத் தெரியாதா?"

கம்ப்யூட்டருக்குத் தெரியாது. கம்ப்யூட்டருக்குச் சொல்ல வேண்டியவனுக்கும் தெரியவில்லை. பதிவேட்டில் எழுதுவது தரையிலிருந்து தண்ணீர் எத்தனை மீட்டர் ஆழத்தில் இருக்கிறது என்பதை. பத்து என்றால் பத்து மீட்டர் கீழே. பூஜ்யம் என்றால் தண்ணீர் தரைமட்டத்தில், குனிந்தால் கையில் அள்ளலாம். வறண்ட கிணறுகள் ஒவ்வொன்றையும் நான் விளிம்புவரை நிரப்பியிருந்தேன். எந்த அரசாங்கமும் செய்யாத நீர்ப்பாசனம்.

"இதப் பாத்துட்டு இன்னும் பத்து போர் போடுவானுங்க" என்றார் முனிராஜு, வரைபடத்தைப் பார்த்தபடி.

ஷாஹீன் அதற்குள் நிரலைத் திறந்துவிட்டார். மூன்று நிமிடம் ஆகியிருக்கும். "பதினொரு கிணறு சார். ஒன்பது ஏரிய ஒட்டி." திரையில் ஒரு வரியைத் தொட்டுக் காட்டினார். "'அப்புறம் பார்க்க வேண்டும்'னு எழுதியிருக்கு. உங்க பேர்ல."

"தெரியும்."

"இதே வரிய நான் எழுதியிருந்தா?"

"உன்ன வேலைய விட்டுத் தூக்கச் சொல்லியிருப்பேன்."

"அதான் கேட்டேன்."

மணி பதினொன்று நாற்பது. அப்போது என் மூளை எவ்வளவு சுறுசுறுப்பாக வேலை செய்தது என்பதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். வாழ்நாளில் அத்தனை கூர்மையாக நான் சிந்தித்ததில்லை, எல்லாமே நழுவும் வழிகள். வைவா முடியட்டும், நாளைக்குச் சொல்லலாம். அந்தப் பெண்ணின் நிம்மதியை இப்போது ஏன் கெடுக்க வேண்டும்? கருணை என்றே அதற்குப் பெயர் வைத்துவிட்டேன். திங்கட்கிழமையும் தாண்டிவிடும். மூன்று பேருடைய வேலை இதில் இருக்கிறது. தியாகம் என்று அதற்கு இன்னொரு பெயர்.

அப்புறம் கடிதம் எழுத உட்கார்ந்தேன். "தரவுக் கையாளுதலில் ஒரு சிறு முரண்பாடு கவனத்துக்கு வந்துள்ளது." ஷாஹீன் தோளுக்குப் பின்னாலிருந்து படித்தார்.

"யார் கவனத்துக்கு சார்? யார் பண்ண முரண்பாடு?"

"பொதுவா சொல்றது."

"அரே சார், படிச்சா ஏதோ இடி தானா விழுந்த மாதிரி இருக்கு. யாருமே பண்ணல."

நான் முதன்முதலில் வேலை பார்த்த இடத்தில் ஒரு மேலதிகாரி இருந்தார். பெயர் வேண்டாம், அவருக்குப் பிடிக்காது. எங்கள் பக்கம் தவறு என்றால் தொலைபேசியை எடுக்க மாட்டார், கடிதம் எழுத மாட்டார். செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். போகிற வழியிலேயே சாக்குகள் உதிர்ந்துவிடும் என்பது அவர் கணக்கு. நான் கடிதத்தை அழித்துவிட்டுக் கிளம்பினேன். கருத்தரங்கக் கூடம் ஐந்து நிமிட நடை. சாக்குகள் எல்லாம் உதிரவில்லை. இரண்டு மூன்று கூடவே வந்தன.

ஜோதி காலியான கூடத்தில் தனியாகப் பேசிப் பழகிக்கொண்டிருந்தார். மாம்பழ நிறப் பட்டுப்புடவை, திரையில் என் நீல வரைபடம். நான் நின்றபடியே சொன்னேன். கோடு, பூஜ்யம், பதினொரு கிணறு. சாக்கு சொல்ல வாய் திறப்பதற்குள் அவர் கேட்டார்.

"எந்தெந்தக் கிணறு சார்?"

சொன்னேன்.

"அப்போ மூணாவது சாப்டர்?"

"போச்சும்மா."

திரையைப் பார்த்துக்கொண்டே நின்றார். "மார்ச்ல கேட்டேன் சார்."

"கேட்ட."

"டேட்டாவ நம்புன்னு சொன்னீங்க."

"சொன்னேன்."

"எனக்கு அப்பவே தோணுச்சு சார். கோடைல எப்படி ஏறும்? நீங்க பெரியவங்க, உங்களுக்குத் தெரியும்னு விட்டுட்டேன்." அழுவார் என்று எதிர்பார்த்தேன்; அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவர் புடவை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, "கைடுகிட்ட போலாம்" என்றார்.

பேராசிரியரைத் தாழ்வாரத்திலேயே பிடித்தோம். அவர் சாதாரணமாக ஆங்கிலம்தான் பேசுவார். கோபம் வந்தால் தமிழ். அன்று முழுக்கத் தமிழ்.

"உங்க பிரிவு ஆரம்பிச்சப்பவே சொன்னேன்யா. எங்க பசங்க எழுதுனா எங்க தப்பு, நாங்களே கண்டுபிடிச்சுக்குவோம்னு. கேட்டாங்களா?" அவர் மூச்சு வாங்கினார். "சரி. இப்ப என்ன? இன்னிக்கு வைவா நடக்கட்டும். அடுத்த வாரம் திருத்தம்னு ஒரு பக்கம் சேர்த்துரலாம். ஊர்ல இல்லாத அதிசயமா?"

இது நான் பதினொன்று நாற்பதுக்கு யோசித்த அதே யோசனை. இன்னொருவர் வாயில் கேட்கும்போது இன்னும் நியாயமாகத் தெரிந்தது.

ஷாஹீன் ஓடி வந்தார். "சார், ஒரு மணி நேரம் குடுங்க. வரிய மாத்தி ஓட்டிட்டேன்னா புதுப் படம் ரெடி. மூணு மணிக்கு அதையே போட்டுரலாம்."

எல்லோர் முகமும் மலர்ந்தது, என்னுடையதும். சரி என்று சொல்ல வாயெடுத்தேன். அப்போதுதான் உறைத்தது: இதையேதான் நான் இயக்குநர் படி ஏறும்போது செய்தேன். ஒரு மணி நேரத்தில் ஓட்டிய படத்தை யார் சரிபார்ப்பது? வேறு கோடுகள், வேறு குறிகள் எத்தனை இருக்கின்றனவோ? அந்தக் காகிதங்களை எங்கள் பிரிவில் ஒருவர்கூடக் கண்ணால் பார்த்ததில்லை.

"வேணாம்" என்றேன். "ஓட்டிப் பாரு. ஆனா அந்தப் படம் அந்தக் கூடத்துக்குள்ள வரக் கூடாது. பதினொரு கிணத்தோட எண்கள் தப்பு. நமக்கு உறுதியா தெரிஞ்சது அவ்வளவுதான். அத மட்டும்தான் சொல்ல முடியும். நான் சொல்றேன்."

பேராசிரியர் என்னை நிதானமாகப் பார்த்தார். "திங்கட்கிழமைக் கமிட்டில நான் இருக்கேன். தெரியுமில்ல?"

"தெரியும் சார்." வீரம் என்று தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்த நேரத்தில் எனக்குக் கழிப்பறைக்குப் போக வேண்டியிருந்தது.

"நீங்க சொல்ல வேணாம் சார்" என்றார் ஜோதி. "தீசிஸ் என்னுது. நான்தான் சொல்லணும். ஆனா யாருன்னு கேட்டா நீங்க எந்திரிச்சு நிக்கணும்."

"நிக்கறேன்."

மூன்று மணிக்குக் கூடம் நிறைந்திருந்தது. இரண்டாவது வரிசையில் ஜோதியின் அம்மாவும் அப்பாவும். அப்பா விடுப்பு எடுத்து, இஸ்திரி மடிப்பு கலையாமல் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் முனிராஜு. ஜோதி மேடையேறி, முதல் படத்தைப் போடும் முன்பே, தன் மூன்றாவது அத்தியாயம் தவறு என்று இன்று காலை தெரிந்ததாகவும், அதை இங்கே முன்வைக்கப் போவதில்லை என்றும் சொன்னார். திரையில் பதிவேட்டின் ஒரு பக்கத்தைக் காட்டினார். முனிராஜுவின் கையெழுத்து, வரிசையாகக் கோடுகள்; அவற்றை நிரல் பூஜ்யமாக எடுத்துக்கொண்டதைச் சொன்னார். கூடத்தில் யாரோ இருமினார். தேர்வாளர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, அந்த முடிவை யார் எடுத்தது என்று கேட்டார்.

நான் எழுந்தேன். நாற்காலி பின்னால் சாய்ந்து பெரிய சத்தத்தோடு விழுந்தது, யாருக்கும் சந்தேகம் வேண்டாம் என்பது போல.

"பதிவேட்டைப் பார்த்தீர்களா?" என்றார் அவர் ஆங்கிலத்தில்.

"இல்லை."

"எழுதியவரைக் கேட்டீர்களா?"

"இன்று காலைதான் சந்தித்தேன்."

அவர் வேறொன்றும் கேட்கவில்லை. உட்காரச் சொல்லவும் இல்லை. ஜோதி மற்ற அத்தியாயங்களைப் பேசி முடிக்கும் வரை நின்றேனா, இடையில் உட்கார்ந்தேனா என்று இப்போது நினைவில்லை. தேர்வாளர்கள் அறைக்குள் போய்த் திரும்பி வந்து அறிவித்தார்கள்: அத்தனை பதிவேடுகளையும் காகிதத்திலிருந்து மறுபடி சரிபார்க்க வேண்டும், அத்தியாயத்தைப் புதிதாக எழுத வேண்டும், அதன் பிறகு மீண்டும் வைவா.

எல்லாம் ஆங்கிலத்தில் நடந்தது. வாசலில் ஜோதியின் அப்பா என்னிடம் வந்தார். எழுந்து நின்றவன் நான் என்பதால் ஏதோ முக்கியமான ஆள் என்று நினைத்திருக்கிறார்.

"பாஸ் தானே சார்?"

"இல்லீங்க. இன்னும் கொஞ்ச நாள் ஆகும். தப்பு உங்க பொண்ணு மேல இல்ல. என் மேல."

அவர் குரலை உயர்த்தவில்லை. "நீங்க பண்ணதுக்கு அவ ஏன் சார் திரும்ப எழுதணும்?"

ஜெர்மனி வேலை காத்திருக்கவில்லை. செப்டம்பரில் வேறொருவர் சேர்ந்துவிட்டார் என்று தெரிந்தது.

திங்கட்கிழமைக் குழு எங்களை மூடவில்லை. ஓராண்டு நீட்டித்தது, ஒரு நிபந்தனையோடு: இந்தப் பிரிவில் யார் எழுதிய வரியும், தலைவர் உட்பட, இன்னொருவர் படித்து ஒப்புக்கொள்ளாமல் வெளியே போகக் கூடாது, தரவு எழுதியவரை நேரில் பார்க்காமல் அதைத் தொடக் கூடாது. நிபந்தனையைச் சொன்னவர் அந்தப் பேராசிரியர்தான். தண்டனையாகத்தான் சொன்னார். நீங்கள் சேர்ந்த முதல் வாரமே உங்களை எங்கேயோ வயல்வெளிக்கு அனுப்பினார்கள் அல்லவா, வெயிலில் நின்று என்னைத் திட்டியிருப்பீர்கள். திட்டுங்கள்.

அக்டோபரில் ஒரு மதியம் ஜோதி எங்கள் அறைக்கு வந்தார். வெயிலில் அலைந்து கறுத்திருந்தார். நான்கு மாதம் முனிராஜுவோடு நாற்பது கிணறுகளும் ஏறி இறங்கியிருக்கிறார். கையில் மடிக்கணினி. வருவார் என்று நான் நினைக்கவில்லை.

"புதுசா நானே எழுதுனேன். பதிவேடு படிக்கிற புரோகிராம். யாராவது பாத்துச் சொல்லணும்."

நான் கை நீட்டினேன். பழக்கம்.

"நீங்க இல்ல சார். ஷாஹீன் அக்கா."

கோபமாகச் சொல்லவில்லை. இறங்க வேண்டிய நிறுத்தத்தை நடத்துநரிடம் சொல்கிற தொனி. ஷாஹீன் நாற்காலியை இழுத்துப் போட்டார். வரி வரியாகப் படித்துவிட்டுக் கேட்டார்.

"கோடு வந்தா என்ன பண்ணுது?"

"நின்னுரும் அக்கா. நின்னு, என்னன்னு கேக்கும்."

இரண்டு தலைகளும் திரையை நோக்கிக் குனிந்தன. எனக்கு அங்கே வேலை இல்லை என்று புரிந்தது. டீ வேண்டுமா என்று கேட்டேன்.

"சக்கரை கம்மியா சார்" என்றார் ஜோதி, திரும்பிப் பார்க்காமல்.